கறிவேப்பிலையில் ஒளிந்திருக்கும் வைத்தியர்



ரசத்திலும் பொரியலிலும் கிடக்கும் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பீர்கள்தானே? இன்று ஒதுக்குவதற்கு முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். அந்த இலைக்குள் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கிறது.

ஆமாம்! உலகம் முழுவதும் தாவர இயல் படித்தவர்கள் கறிவேப்பிலையை 'முர்ரயா கோனிகி' அல்லது 'பெர்கெரா கோனிகி' என்றுதான் அழைக்கிறார்கள். முதல் பாதி மாறினாலும் 'கோனிகி' மட்டும் மாறுவதே இல்லை. யார் அந்த கோனிக்? எங்கோ பிறந்த ஒருவரின் பெயர் நம் வீட்டுத் தாளிப்புக்குள் எப்படி வந்தது?

அவர் பெயர் ஜொஹான் கெர்ஹார்டு கோனிக். தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவர். பிறகு ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குழந்தைகளே, ஆற்காடு என்றால் உங்கள் பக்கத்து ஊர்தானே! அப்படியானால் இது உங்கள் ஊர்க் கதையும்கூட.

பனி நாட்டில் ஒரு குட்டிச் செடி

கோனிக் 1728-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று லாட்வியா என்ற நாட்டில் இருக்கிறது. ஐரோப்பாவில் கடுங்குளிர் அடிக்கும் நாடு அது.

அந்தக் காலத்தில் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லின்னேயஸ் என்ற பேராசிரியர் இருந்தார். உலகிலுள்ள எல்லாச் செடி கொடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தியவர் அவர்தான்.

எதற்கு அப்படி ஒரு பெயர் என்று கேட்கிறீர்களா? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடிக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறு பெயர். சில நேரம் இரண்டு வேறு செடிகளுக்கு ஒரே பெயர்! நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி என்றால் எவ்வளவு குழப்பம் வரும்? உலகம் முழுவதற்கும் ஒரே பெயர் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை அல்லவா?

லின்னேயஸிடம் படிக்கப் பல மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் கப்பலேறி உலகின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் செடிகளைத் தேடினார்கள். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டிய காலம் அது. போனவர்களில் சிலர் வீடு திரும்பவே இல்லை. இது தெரிந்தும் போனார்கள்!

1757-இல் கோனிக் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிறகு டென்மார்க்கில் இருந்தார். 1764-65-இல் ஐஸ்லாந்து என்ற பனித் தீவுக்குப் போய்ச் செடிகளைச் சேகரித்தார். அங்கே தரையோடு தரையாக, விரல் உயரம்கூட இல்லாத ஒரு குட்டிச் செடி அவர் கண்ணில் பட்டது. எத்தனையோ பேர் அதை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். கோனிக் குனிந்து பார்த்தார். அது புதிய வகைச் செடி என்று தெரிந்தது. லின்னேயஸ் மகிழ்ந்து போய், அதற்குத் தன் மாணவரின் பெயரையே சூட்டினார். 'கோனிகியா' என்பது அதன் பெயர்.

குனிந்து பார்க்கிறவர்களுக்குத்தான் செடி தன்னைக் காட்டும். கோனிக்கின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடந்தது.

தரங்கம்பாடிக்கு வந்தார்

வங்கக் கடலோரம் இருக்கும் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? 1620 முதல் 1845 வரை அந்த ஊர் டென்மார்க் நாட்டவரின் கையில் இருந்தது. அங்கே இயங்கிய கிறிஸ்தவ சமய ஊழியர்களுக்கு ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். கோனிக் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு 1767-இல் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1768-இல் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

பனியிலிருந்து வந்தவருக்கு நம் ஊர் வெயில் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவருக்கு வெயிலை விடச் செடிகள்தான் பெரிதாகத் தெரிந்தன. ஐஸ்லாந்தில் நாள் முழுவதும் நடந்தாலும் சில வகைச் செடிகளே கிடைக்கும். இங்கேயோ வேலியோரம், குளக்கரை, வயல் வரப்பு என்று எங்கு திரும்பினாலும் அவர் அதுவரை பார்த்திராத செடிகள்!

நோயாளிகளைப் பார்த்தது போக மிச்ச நேரத்தில் செடி தேடினார். கிளைகளை ஒடித்துத் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்திக் காயவைப்பது அக்கால வழக்கம். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். அசந்தால் பூச்சியும் கரையானும் தின்றுவிடும். கரையானைப் பற்றியும் கோனிக் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பகுதிக் கரையான்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியானது!

காய்ந்த செடிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. அப்படிப் போனவற்றில் ஒன்று நம் கறிவேப்பிலை. 1771-இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அனுப்பிய மாணவரின் பெயரையே அதில் சேர்த்தார். பனி நாட்டில் ஒரு குட்டிச் செடி, தமிழ்நாட்டுச் சமையலறையில் ஓர் இலை. இரண்டிலும் ஒரே மனிதரின் பெயர்!

நவாபின் வேலை

செடி தேடப் பயணம் போக வேண்டும். பயணத்துக்கு மாட்டு வண்டி, ஆள், தாள், பெட்டி எல்லாம் வேண்டும். வைத்தியர் சம்பளம் அதற்குப் போதவில்லை. அதனால் 1774-இல் கோனிக் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த நவாப் முகமது அலி வாலாஜா. வாலாஜாபேட்டைக்கு அவர் பெயர்தான் வந்தது. 1749-இல் ஆம்பூரில் நடந்த போரில் இறந்த அன்வருதீன்தான் இந்த நவாபின் தந்தை. பிற்காலத்தில் நவாப் சென்னை சேப்பாக்கம் அரண்மனைக்குக் குடிபோனாலும், 'ஆற்காடு நவாப்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நவாபின் நாட்டில்தான் பாலாறு ஓடும் இந்தப் பகுதி முழுவதும் இருந்தது. இன்று அது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று 3 மாவட்டங்களாக இருக்கிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, ஏலகிரி மலை. மழை குறைவு, பாறை அதிகம். பெரிய மரங்களை விடப் புதர்ச்செடிகளுக்குத்தான் இந்த மண் பிடிக்கும். அந்தப் புதர்களில் ராணி யார் தெரியுமா? ஆவாரை!

தோலைக் காப்பாற்றிய செடி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் கூடங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். அது அழுகாமல் செருப்பாகவும் பையாகவும் மாற வேண்டுமானால், துவர்ப்பான ஒரு பொருள் தோலுக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 'டானின்' என்று பெயர். பாக்கைக் கடித்தால் நாக்கு சுருங்குகிறதே, அந்தத் துவர்ப்புதான் அது.

ஆவாரம் பட்டையில் இந்தத் துவர்ப்பு ஏராளம். பட்டையை உரித்து, காயவைத்து, இடித்து, தண்ணீரில் போட்டு, அதில் தோலை ஊறவைப்பார்கள். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரிலும் ஊறவைப்பார்கள். இப்படிப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோல் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியம் உப்பால் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப் பட்டையும் வந்து சேர்ந்தது. ஆவாரம் பட்டையின் செல்வாக்கு மெல்லக் குறைந்தது. இன்று பெரும்பாலும் குரோமிய முறைதான். அந்தக் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்ததால் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு சொன்னது தனிக் கதை.

இப்போது ஒரு கேள்வி. பட்டை உரிக்கப் போகிறவர் ஆவாரையை எப்படி அடையாளம் கண்டிருப்பார்? மஞ்சள் பூவைப் பார்த்துத்தான் என்கிறீர்களா? பூ இல்லாத நாளில்? மஞ்சள் பூப் பூக்கும் வேறு செடிகளும் அதே காட்டில் இருக்கின்றனவே!

பயணம் போகும் தாவர ஆராய்ச்சியாளருக்கும் இதே சிக்கல்தான். அவர் போகிற நாளில் செடி பூத்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? பூ சில நாள் விருந்தாளி. இலையும் காயும்தான் வீட்டுக்காரர்கள். அவர்களைத் தெரிந்துகொண்டால் எந்த நாளிலும் செடியைக் கண்டுபிடிக்கலாம்.

வாருங்கள், நாமும் கோனிக்கின் மாணவர்கள் போலப் பார்க்கலாம்.

சமையலறையில் முதல் பாடம்

ஒரு கறிவேப்பிலை ஈர்க்கை எடுங்கள். நடுவில் ஒரு காம்பு. இருபுறமும் சிறு இலைகள். உண்மையில் அந்த முழு ஈர்க்கும் சேர்ந்ததுதான் ஓர் இலை! நாம் இலை என்று சொல்லும் சின்னதெல்லாம் அதன் சிற்றிலைகள். ஈர்க்கின் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு சிற்றிலை இருக்கும்.

இப்போது ஆவாரைக்கு வாருங்கள். அதிலும் காம்பின் இருபுறமும் சிற்றிலைகள்தான். ஆனால் நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருக்காது. ஜோடியாகவே முடியும். எண்ணிப் பார்த்தால் 8 முதல் 12 ஜோடி இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் சின்னக் குச்சி போல ஒரு சுரப்பி நிற்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நன்றாகத் தெரியும்.

இன்னொரு அடையாளம்தான் வேடிக்கை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காது மடல் போல அகலமான இரண்டு பச்சைச் செதில்கள் இருக்கும். லின்னேயஸ் 1753-இல் ஆவாரைக்கு 'காசியா ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்தார். 'ஆரிகுலேட்டா' என்றால் சிறு காது உடையது என்று பொருள். காதைப் பார்த்துத்தான் பெயரே வந்திருக்கிறது! பூ உதிர்ந்தாலும் அந்தக் காது உதிராது.

காயைப் பாருங்கள். தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை நீளம் இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் சிறிது மேடாகத் தெரியும். காய்ந்ததும் வெளிர் பழுப்பாகி, காற்றில் சலசலக்கும்.

ஏமாற்றும் தங்கைகள்

ஆவாரையைப் போலவே மஞ்சள் பூப் பூத்து ஏமாற்றும் இரண்டு செடிகள் உண்டு.

முதலாவது தகரை. மழை பெய்ததும் சாலையோரம் கூட்டமாக முளைக்கும். இதில் சிற்றிலைகள் 3 ஜோடிதான். நுனி உருண்டையாக இருக்கும். மாலையானால் சிற்றிலைகளை மடித்துக்கொண்டு தூங்கும். காய் மெல்லியதாக, நீளமாக, அரிவாள் போல வளைந்திருக்கும்.

இரண்டாவது பொன்னாவாரை. சில ஊர்களில் இதைப் பேயாவாரை என்பார்கள். இதில் சிற்றிலைகள் 4 அல்லது 5 ஜோடி. நுனி கூர்மையாக இருக்கும். காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பி. ஜோடிக்கு ஜோடி இருக்காது. இலையைக் கசக்கினால் கெட்ட வாடை. காய் சற்று வளைந்து, ஓரங்கள் மட்டும் வெளிறி இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சின்னஞ்சிறு குழந்தைகள் திடீரென்று நோயில் விழுந்தார்கள். பலர் இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் கிருமி என்றே எல்லோரும் நினைத்தார்கள். கிருமி மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசியில் மருத்துவர்கள் குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ச் சுற்றுப்புறத்தைப் பார்த்தார்கள். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மை வெளிவந்தது. விளையாட்டாகக் குழந்தைகள் பறித்துத் தின்ற இந்தப் பொன்னாவாரைக் காய்களின் விதைதான் காரணம்!

ஒரு காயை அடையாளம் தெரிந்துகொள்வது எத்தனை உயிர்களைக் காப்பாற்றும், பார்த்தீர்களா? அதனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காட்டுச் செடியின் இலை, காய், விதை எதையும் வாயில் வைக்கவே கூடாது. பார்க்கலாம், எண்ணலாம், வரையலாம். அவ்வளவுதான்.

இன்னும் சில நண்பர்கள்

நம் மலையடிவாரங்களில் காயைப் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய செடிகள் இன்னும் இருக்கின்றன.

விராலி: பாறை நிறைந்த இடத்தில் வளரும். இலை குறுகலாக, பசை தடவியது போலப் பளபளக்கும். காயில் பெரும்பாலும் 3 மெல்லிய இறக்கைகள். காற்றடித்தால் அந்த இறக்கைதான் விதையைச் சுமந்துகொண்டு போகும்.

வலம்புரி: இதன் காய் முறுக்கிய கயிறு போல இருக்கும். 5 பகுதிகள் ஒன்றோடொன்று திருகிக்கொண்டு நிற்கும். இலை அகலமாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஒரு முறை பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

விடத்தேரை: காய்கள் சுருண்டு சுருண்டு கொத்தாகத் தொங்கும். இலை மிகப் பொடியாக, இறகு போலப் பிரிந்திருக்கும். கிளை நுனியே முள்ளாக மாறியிருக்கும். ஜாக்கிரதை!

மரங்களிலும் ஒரு சோதனை வைக்கலாம். கருவேல மரமும் சீமைக்கருவேல மரமும் தூரத்திலிருந்து ஒன்று போலத் தெரியும். காயைப் பாருங்கள். கருவேலங்காய் விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலை போல இருக்கும். அது நம் நாட்டு மரம். அதன் பட்டையும் தோல் பதனிட உதவியது. சீமைக்கருவேலங்காய் மணி மணியாக இறுகாது, பழுத்தால் மஞ்சளாகும். அது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

நண்பர்களுக்குக் கொடுத்த செல்வம்

நவாபிடம் கோனிக் 4 ஆண்டுகள் இருந்தார். பணக் கஷ்டம் தீரவில்லை. 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் ஆய்வாளராக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே சயாம் நாட்டுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறினார். 1780-இல்தான் திரும்பினார். சயாம்தான் இன்றைய தாய்லாந்து.

இவ்வளவு பார்த்தவர் பெரிய புத்தகம் எதையும் தம் பெயரில் எழுதி வெளியிடவில்லை. கண்டதையெல்லாம் நண்பர்களோடு பகிர்ந்துகொண்டார். அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளை ஸ்வீடனில் இருந்த ரெட்சியஸ் போன்றவர்கள் தங்கள் நூல்களில் வெளியிட்டார்கள்.

தரங்கம்பாடியில் அவரைச் சுற்றி ஒரு செடி நண்பர் கூட்டமே உருவானது. செடியைக் காய வைத்து ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். கலந்து பேசிப் பெயர் வைப்பார்கள். அந்த வழியில் வந்தவர்களில் ஒருவர் 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர். பிற்காலத்தில் பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்தவர் அவர்தான். செடி தேடியவரே சொல்லும் தேடினார்!

இன்னொரு நண்பர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776-இல் சென்னைக்கு வந்த இளம் வைத்தியர். கோனிக்கை விட 20 வயதுக்கு மேல் சிறியவர். பிற்காலத்தில் இந்தியத் தாவர இயலின் தந்தை என்று போற்றப்பட்டவர். பெரியவர் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். சிறியவர் கேட்டுக்கொண்டார்.

கடைசிப் பயணம்

கோனிக் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஆந்திரக் கடற்கரையில், காக்கிநாடாவை ஒட்டிய ஜெகந்நாதபுரத்தில் கடும் வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட்டார். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்த வைத்தியருக்கு மருந்து பலிக்கவில்லை. பக்கத்துச் சாமல்கோட்டையில் இருந்த ராக்ஸ்பர்க் ஓடி வந்து கவனித்துக்கொண்டார். 1785 ஜூன் 26-ஆம் தேதி கோனிக்கின் உயிர் பிரிந்தது. வயது 56.

அவர் விட்டுச் சென்ற சொத்து என்ன தெரியுமா? காய்ந்த செடிகளும், கையால் எழுதிய குறிப்புகளும்தான். அவற்றை லண்டனில் இருந்த அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. தாளுக்கு இடையில் வைத்துக் காயவைத்த செடி 200 ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருக்கிறது!

கோனிக் பார்த்த வேலைக்கு அவருக்குப் பின் பேட்ரிக் ரஸல் வந்தார். பாம்புகளை ஆராய்ந்தவர் அவர். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'ரஸல்' இவர்தான். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு ராக்ஸ்பர்க்கிடம் வந்தது.

ஆவாரை சொல்லும் கதை

கடைசியாக ஒரு ரகசியம். ஆவாரையின் இன்றைய அறிவியல் பெயர் 'சென்னா ஆரிகுலேட்டா'. தாவர இயல் நூல்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு குறிப்புகள் இருக்கும். முதலில் அடைப்புக்குறிக்குள் 'எல்' என்ற எழுத்து. அதன் பிறகு 'ராக்ஸ்ப்'. 'எல்' என்றால் முதன்முதலில் பெயர் வைத்த லின்னேயஸ். 'ராக்ஸ்ப்' என்றால் அதைச் சென்னா இனத்துக்கு மாற்றிய ராக்ஸ்பர்க். அவர் இறந்த பிறகு, 1832-இல் வெளியான நூலில் அந்தப் பெயர் இருக்கிறது.

ஒருவர் கோனிக்கின் ஆசிரியர். மற்றவர் கோனிக்கின் நண்பர். நடுவில் கோனிக்கின் பெயர் இல்லை. ஆனால் ஆசிரியரிடம் படித்ததை, கடல் கடந்து கொண்டுவந்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றிவிட்டுப் போன மனிதர் அவர்.

இனி உங்கள் முறை. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா அல்லது தாத்தாவோடு ஊர் ஓரம் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பூவைத் தேடாதீர்கள். ஒரு செடியை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது ஒற்றை இலையா, சிற்றிலைகள் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் எத்தனை ஜோடி?

2. நுனியில் ஒற்றைச் சிற்றிலையா, ஜோடியா?

3. காம்பின் அடியில் காது, முள், சுரப்பி ஏதாவது இருக்கிறதா?

4. காய் தட்டையா, உருண்டையா, வளைந்ததா, முறுக்கியதா, இறக்கை உள்ளதா?

விடைகளை எழுதி, பக்கத்தில் படம் வரையுங்கள். பிடுங்க வேண்டாம், சுவைக்க வேண்டாம். அங்கே ஆடு மேய்க்கும் பாட்டி இருந்தால் அந்தச் செடிக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயர்கூட அவரிடம் இருக்கும்.

பொங்கலை ஒட்டிப் பல ஊர்களில் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் அதை வாங்கும்போது, பூவை விட்டுவிட்டு இலையின் அடியில் அந்தக் காது இருக்கிறதா என்று தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் தங்கைக்கும் தம்பிக்கும் காட்டிக் கொடுங்கள். கோனிக் செய்ததும் அதைத்தானே!